சோத்துப் பெட்டிக்குள் ரெண்டு ட்ரான்சிஸ்டர்

மிதித்தேன். ஆறாவது கம்பியை ஒரு தட்டுத் தட்டினேன். அவ்வளவுதான். பலாங்கொடையிலிருந்து எங்கள் தோட்டத்துக்குப் போகிற கடைசி பஸ் அன்றைக்கு என்னை விட்டுவிட்டுத்தான் போனது.

தேயிலை மலையில் குளவிக்கூடு கலைந்து எழும் இரைச்சலைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். அதே அடர்த்தி, அதே அதிர்வு. ஆனால் அதைக் கேட்டால் கூடையை வீசிவிட்டு ஓடத் தோன்றும். இதைக் கேட்டால் பக்கத்தில் போய்க் குந்தத் தோன்றுகிறது. தட்டிய சுரம் தேய்ந்து மறையவில்லை. நாதஸ்வரக்காரர் மூச்சுப் பிடித்து இழுப்பதைப்போல நீண்டுகொண்டே போனது. பதினைந்து வருடமாகக் கிட்டார் வாசிக்கிறேன். என் கையிலிருந்து இப்படியொரு சத்தம் வந்ததில்லை.

சாமான் என்னவென்றால், ஓர் அலுமினியச் சோத்துப் பெட்டி. மூடியில் இரண்டு குமிழ், நடுவில் காலால் மிதிக்கிற சுவிட்ச். மிதித்து மிதித்து மூடி நசுங்கிவிடாமல் உள்ளே பலாப் பலகைத் துண்டொன்றை முட்டுக் கொடுத்திருக்கிறார் அண்ணன். டவுனில் சின்னதாகக் கடை வைத்து ரேடியோ, டீவி, திருவிழா எம்ப் எல்லாவற்றையும் திருத்துகிறவர். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். போட்டால் கிட்டார் பிடித்தவன் எல்லாம் ஆளுக்கொரு சோத்துப் பெட்டியோடு வந்து நிற்பானாம்.

இதற்கு ஃபஸ் என்று பெயர். கிட்டாரிலிருந்து வரும் சன்னமான சிக்னலை அளவுக்கு மீறிப் பெருக்கினால், அலையின் தலையும் அடியும் கத்தியால் சீவினாற்போல வெட்டுப்படும். அப்போது மூல சுரத்தோடு புதுப்புது மேல்சுரங்கள் கிளம்பும். தம்புராவில் கம்பிக்கும் அது படியும் பாலத்துக்கும் நடுவே நூலைச் செருகி ரீங்காரம் வரவழைப்பார்களே, ஜீவாளி என்று? வழி வேறு, ஆசை ஒன்றுதான்.

இந்தச் சத்தம் பிரபலமானதே ஒரு கோளாறால். 1961ல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் பாட்டொன்று நாஷ்வில்லில் பதிவானபோது, ஒலிப்பதிவு மேசையின் ஒரு பகுதி பழுதாகி, கிரேடி மார்ட்டினின் பேஸ் கிட்டார் கரகரத்துவிட்டது. அழிக்காமல் அப்படியே விட்டார்கள். அந்தக் கரகரப்பை வேண்டும்போதெல்லாம் உண்டாக்கவென்று மேஸ்ட்ரோ என்ற ஃபஸ் பெட்டி 1962ல் கடைக்கு வந்தது. 1965ல் ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் அதை மிதித்த பிறகு ஆளாளுக்கு மிதிக்கத் தொடங்கினார்கள். 1966ல் லண்டனின் ஆர்பிட்டர் கம்பனி ஃபஸ் ஃபேஸ் என்று ஒன்றைச் செய்தது. வட்டமாக, மைக் ஸ்டாண்டின் அடித்தட்டு மாதிரி இருக்கும். ஜிமி ஹென்ட்ரிக்ஸின் காலடியில் கிடந்தது அதுதான். என் சோத்துப் பெட்டிக்குள் இருப்பதும் அதே சர்க்கிட்: இரண்டு ட்ரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டர், மூன்று கன்டென்சர், இரண்டு குமிழ். எண்ணிப் பாருங்கள், பதினொன்று. எங்கள் வீட்டு மீன்குழம்புக்கே இதைவிட அதிகச் சாமான் வேண்டும்.

அந்த ட்ரான்சிஸ்டர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இன்றைக்குக் கிடைப்பது பெரும்பாலும் சிலிக்கன். எனக்கு வேண்டியது ஜெர்மேனியம், அந்தக் காலத்துச் சரக்கு. கொழும்பில் ஒரு கடையில் நாலு வாங்கினேன். நாலும் போலி, எதற்கோ மேல் பழைய நம்பரை அச்சடித்து விற்றிருக்கிறார்கள். அண்ணன் சிரித்தார். “சிலிக்கன் போட்டா ஒரு தொல்லையும் இல்ல தம்பி. ஆனா கொஞ்சம் கீச்சுனு இருக்கும். அது வேணாம்னா, ஒங்க வீட்டுல பழைய ரேடியோ ஏதும் கெடக்கானு பாரு” என்றார்.

கிடந்தது. லயத்து மச்சில், தாத்தாவின் ரேடியோ. எலி கடித்த ஸ்பீக்கர், துருப்பிடித்த ஏரியல். ஆனால் உள்ளே ஏசி128 என்ற ஜெர்மேனிய ட்ரான்சிஸ்டர் ஜோடி, சின்னத் தகரக் குப்பி மாதிரி, குத்துக்கல்லாக நின்றது. ஒரு காலத்தில் எங்கள் லயம் முழுவதும் இலங்கை வானொலியைக் கேட்டது இந்த இரண்டின் புண்ணியத்தில்தான். அறிவிப்பாளர் கே.எஸ். ராஜாவின் குரல் இதற்குள் புகுந்து வெளியே வந்திருக்கிறது! அதில் ஒன்றைத்தான் இப்போது நான் மிதிக்கிறேன். மற்றதன் பெருக்கம் சரிவரவில்லை என்று அண்ணன் தீப்பெட்டியில் சேர்த்து வைத்திருந்த ட்ரான்சிஸ்டர்களைக் கொட்டி, ஒவ்வொன்றாக மீட்டரில் பார்த்து, முதலாவது இடத்துக்கு 80க்குக் கிட்ட ஒன்றும் இரண்டாவதுக்கு 120க்குக் கிட்ட ஒன்றுமாகப் பொருத்தினார். பிறகு உள்ளே இருக்கிற குட்டித் திருகாணியை என்னிடமே தந்து, காது சொல்கிற இடத்தில் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். மீட்டர் வைத்துப் பார்த்தால் நாலரை வோல்ட், 9 வோல்ட் பெட்டரியில் சரிபாதி. அன்றைக்கு என் காதுக்கு வந்த திமிர் இன்னும் இறங்கவில்லை.

ஆனால் இந்தப் பெட்டியின் உண்மையான மாயம் உச்ச சத்தத்தில் இல்லை. மிதித்த காலை எடுக்க வேண்டாம். கிட்டாரில் இருக்கிற வால்யூம் குமிழை மட்டும் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். குளவிக்கூட்டம் அடங்கும். இன்னும் கொஞ்சம் குறைத்தால் கண்ணாடிக் குவளையைச் சுண்டியதுபோல ஒரு சுத்தம் வரும். பெட்டி இல்லாமல் வாசித்தால்கூட அந்த மினுக்கம் வராது. எங்கள் கோஷ்டியில் ஏ.ஈ. மனோகரன் காலத்துப் பொப் பாட்டும் உண்டு, பைலாவும் உண்டு, சாமிப் பாட்டும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே மிதியில், சுண்டுவிரலால் குமிழை உருட்டி உருட்டியே சமாளிக்கிறேன். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: கிட்டார் வயர் நேராக இதற்குள்தான் போக வேண்டும். இடையில் வேறு பெடல் நுழைந்தால் இந்த விளையாட்டு கெட்டுவிடும்.

குறை இல்லையா? இருக்கிறது. பிளஸ்ஸை எர்த்தாக வைத்த சர்க்கிட் என்பதால் மற்றப் பெடல்களோடு ஒரே அடப்டரில் சேராது. தனிப் பெட்டரி கேட்கும். வயரைக் கழற்ற மறந்து விட்டுவிட்டால், வாசிக்காதபோதும் பெட்டரி கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துவிடும். இரண்டு தடவை பட்டுவிட்டேன். மலிவான கறுப்பு பெட்டரியில்தான் சத்தம் இன்னும் இதமாக இருக்கிறது என்று சத்தியம் பண்ணுவேன். தம்பி நம்ப மறுக்கிறான்.

பெரிய குறை வெயில். ஜெர்மேனியத்துக்குச் சூடு ஆகாது. பத்து டிகிரி ஏறினால் உள்ளே கசிகிற கரண்ட் இரட்டிப்புக்குக் கிட்ட வந்துவிடும்; சத்தம் விக்கும், திக்கும். பலாங்கொடைக் காலைக் குளிரில் வெண்ணெயாக இருந்தது, கோயில் திருவிழா அன்று உச்சி வெயிலில் மேடையில் வைத்த அரைமணியில் தொண்டை கட்டிக்கொண்டது. நான் பதறிப்போய் மூடியைத் திறந்து ஊதிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சருகு கொளுத்தித் தப்புக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்த தாத்தா எட்டிப் பார்த்தார்.

“என்னப்பா, தோல் தளர்ந்துபோச்சா? இங்க கொண்டா, நெருப்புல காட்டுவோம்.”

“ஐயோ தாத்தா, இது ஒங்க தப்புக்கு நேர்மாறு. குளிர வைக்கணும்.”

அவர் பெட்டியை வாங்கி ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் தலைத்துண்டில் சுற்றி, அரசமரத்து நிழலில் பிள்ளையாரின் காலடியில் கொண்டுபோய் வைத்தார். கால்மணி கழித்து எடுத்து வந்து மிதித்தேன். குளவிகள் திரும்பி வந்திருந்தன.