மிதிக்காத பிரேக்

டிரைவிங் ஸ்கூல் காரில் எனக்குப் பிடித்த இடம் பின்சீட்டு. முன்னால் ஸ்டீயரிங்கை உடும்புப் பிடியாகப் பிடித்தபடி ஒருவர் வியர்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு இடப்பக்கம் மாஸ்டர். வேடிக்கை பார்க்கிறவர்கள் வியர்ப்பவரைத்தான் பார்ப்பார்கள். நான் பார்ப்பது மாஸ்டரின் வலது பாதத்தை.

என் மாஸ்டர் மதுரைக்காரர். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் இதே வேலை. ஸ்டீயரிங் தண்டில் கியர் வைத்த அம்பாசடரில் தொடங்கி, மாருதி 800-ல் பாதி ஆயுளைக் கழித்தவர். நாற்பத்தாறு வயதில் அவரிடம் பழகினேன். லைசென்ஸ் கைக்கு வந்த பிறகும் விடிகாலையில் அவர் வண்டியில் தொற்றிக்கொள்வதை விடவில்லை. சிலர் கச்சேரிக்குப் போகிறார்கள். நான் இதற்குப் போகிறேன்.

பயிற்சி வண்டியில் மாஸ்டர் பக்கமும் பெடல் உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உட்காருவார். பாதம் பிரேக்குக்கு மேலே ஒரு விரற்கடை தள்ளி நிற்கும். அந்த விரற்கடைக்குள்தான் வித்தை முழுவதும் இருக்கிறது. மணிக்கு 36 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் 10 மீட்டர் ஓடிவிடும். எதிரே சைக்கிள்காரர் திரும்புகிறார். பழகுகிறவர் பார்த்துவிட்டாரா? பார்த்திருந்தாலும் கால் நகருமா? மாஸ்டர் இப்போதே மிதித்துவிட்டால் விபத்தும் இல்லை, பாடமும் இல்லை. எங்கள் ஊர்க் கிணற்றில் இடுப்பில் கயிறு கட்டி நீச்சல் பழக்குவார்கள். மேலே நிற்பவர் கயிற்றை இறுக்கியே பிடித்தால் பிள்ளைக்கு நீச்சல் வராது. கைதேர்ந்தவர் கயிற்றைத் தொய்யவிடுவார்; பிள்ளை இரண்டு மடக்குத் தண்ணீர் குடிக்கட்டும் என்று பொறுப்பார். அதற்குமேல் ஒரு கணம் பொறுக்கமாட்டார். மாஸ்டரின் பாதத்தில் நான் பார்ப்பது அந்தக் கயிற்றை.

பழைய மாருதியை விற்றபோது குனிந்து பார்த்தேன். வலப்பக்க பெடல்களின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது. அவர் பக்கத்து பிரேக்கில் வரிகள் அப்படியே இருந்தன.

காலால் செய்யாததை வாயால் செய்கிறார். அதுவும் முந்தியே. “நிறுத்துங்க!” என்று அவர் கத்தி நான் கேட்டதில்லை. மதுரை கோரிப்பாளையத்தில் பஸ் நின்றால், “பஸ்ஸுக்கு அடியில பாருங்க சார், கால் தெரியுதா?” என்பார். பஸ்ஸின் மறைவிலிருந்து குறுக்கே வருகிறவரின் முகம் தெரியாது, பாதம் தெரியும். “ஷேர் ஆட்டோவைப் பாக்காதீங்க. ஓரத்துல கை தூக்குற அம்மாவைப் பாருங்க, ஆட்டோ அங்கதான் நிக்கும்.” “நிக்கிற காரோட முன்சக்கரம் திரும்பியிருக்கா பாருங்க, கிளம்பப் போறான்.” “ஒரு ஆடு தாண்டிட்டா மந்தையே தாண்டும், பொறுங்க.” தெருவை ஒரு பக்கம் முன்கூட்டியே படித்துவிடுகிற மனிதர். அமெரிக்காவில் ஹெரால்ட் ஸ்மித் என்பவர் 1952-ல் டிரைவர்களுக்கென ஒரு பயிற்சி முறையைத் தொடங்கினார். பார்வையைத் தூரத்தில் வை, கண்ணை ஓரிடத்தில் நிலைக்கவிடாதே, விலகிப்போக ஒரு வழி வைத்துக்கொள் என்பவை அதன் அடிப்படைகளில் சில. மாஸ்டர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. ஆட்டு மந்தையை ஸ்மித் கணக்கில் எடுத்திருப்பாரா என்பது என் சந்தேகம்.

ஹாஃப் கிளட்ச் சொல்லித் தருவது இன்னொரு அழகு. ஆளில்லாத ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுக் கண்ணை மூடச் சொல்வார். கிளட்ச்சை மெல்ல விட வேண்டும். ஓரிடத்தில் எஞ்சின் சத்தம் கம்மும், வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கும். “அங்கதான். காலை அசைக்காதீங்க.” அந்த இடத்தைப் பாதம் ஒருமுறை கண்டுகொண்டால், பின்னால் லாரி நிற்கிற மேம்பாலத்திலும் வண்டி பின்வாங்காது.

குறை இல்லாதவர் அல்ல. இரவு ஓட்டம் பழக்கித் தரமாட்டார். எதிர்விளக்கின் கூச்சத்தை நாங்களே சமாளிக்கும்படி விட்டுவிட்டார். அது பெரிய குறைதான்.

காருக்குக் குறைந்தது 21 நாள் பயிற்சி, அதில் 10 மணி நேரம் ஓட்டம் என்பது 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் கணக்கு. பத்தே நாளில் லைசென்ஸ் என்று பலகை வைக்கிறவர்களைப் பற்றிக் கேட்டால் மாஸ்டர் சிரிப்பார். ஆர்.டி.ஓ. மைதானத்தில் ‘எச்’ போட்டுக் காட்டுவது கையும் காலும் எழுதுகிற பரீட்சை. கண்ணுக்கான பரீட்சை கோரிப்பாளையத்தில்தான் நடக்கிறது, அங்கே மதிப்பெண் போட யாரும் நிற்பதில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு டிரைவிங் ஸ்கூல் தேடுகிறீர்களா? ஃபீஸ் எவ்வளவு என்று கேட்கும் முன், ஒரு காலை மட்டும் பின்சீட்டில் உட்கார்ந்து வரட்டுமா என்று கேளுங்கள். மாஸ்டரின் காலைப் பாருங்கள்.