அரைகுறையாய்ப் படிக்கும் கணிப்பொறி

திருப்பூர் பனியன் கம்பெனி பில் ஒன்றில் '1,25,000' என்றிருக்கிறது என வைத்துக்கொள்வோம். ஒன்றேகால் லட்சம் என நீங்கள் பார்த்தவுடன் சொல்லிவிடுவீர்கள். கணிப்பொறிக்கோ அது எண் அன்று. வரிசையாக நிற்கும் எட்டுக் குறிகள், அவ்வளவே.

நிரலை வாங்கி நிறைவேற்றும் 'இன்டர்பிரட்டர்' இக்குறிகளை எண்ணாக்கும் முறை எளியது. இடமிருந்து ஒவ்வோர் இலக்கமாக எடுக்கும். அதுவரை கிடைத்த மதிப்பைப் பத்தால் பெருக்கிப் புதிய இலக்கத்தைக் கூட்டும். '125' என்றால் 1, 12, 125 என வளரும். நடுவே இலக்கமல்லாத குறி வந்தால்? தகராறு அங்கேதான்.

1995-இல் வெளிவந்த ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் 'பார்ஸ்இன்ட்' காற்புள்ளியைக் கண்டதும் நின்றுவிடுகிறது. அதுவரை படித்தது 1. அதையே விடையாகத் தருகிறது. ஒன்றேகால் லட்சம் ஒரு ரூபாயாகிவிட்டது, எச்சரிக்கை ஏதுமின்றி! '180 கிராம்' என்பதில் 180-ஐ மட்டும் பிரித்தெடுக்க இக்குணம் வசதிதான். ஆனால் 40-ஆம் நம்பர் நூல் இரண்டு இழை முறுக்கியது என்பதைக் குறிக்கும் '2/40' என்பதைக் கொடுத்துப் பாருங்கள். விடை 2. இரண்டாம் நம்பர் நூலில் பனியன் பின்னினால் சாக்குத்துணிபோல் இருக்கும். அதே மொழியின் 'நம்பர்' இவ்விரண்டையும் 'எண் அல்ல' என ஒதுக்குகிறது. பழக்கத்தால் பலர் அதை நாடுவதில்லை.

பைத்தான் மொழியின் 'இன்ட்' கண்டிப்பானது. '1,25,000' கொடுத்தால் பிழை என்று அறிவித்து நின்றுவிடும். "காற்புள்ளியை நீக்கிவிட்டுப் படித்தால் என்ன குறை?" என்று கேட்பீர்கள். நம் ஊர்ச் சரக்கை வாங்கும் ஜெர்மானியர் காற்புள்ளியைத் தசமப் புள்ளியாக எழுதுபவர்கள். அவர்களுக்கு '1,25' என்பது ஒன்றேகால். காற்புள்ளியை நீக்கினால் 125! எந்த ஊர்க் கணக்கு என்பதை நிரல் எழுதுபவர் சொல்லட்டும் என்று மறுப்பதே சரி என்பது என் கருத்து.

பைத்தானில் இன்னொரு சுவையும் உண்டு. '௧௨' என்று தமிழில் கொடுத்தால் 12 என்று படித்துவிடும். நம் முன்னோர் எழுதிய '௰௨' கொடுத்தாலோ பிழை என்கிறது. யூனிகோடில் ௰ என்பதற்கு மதிப்பு 10 என்றே பதிவாகியுள்ளது. ஆனால் இடமதிப்பு முறையில் நிற்கும் இலக்கமாக அது வகைப்படுத்தப்படவில்லை. தமிழ்ச் சுழியம் சேர்ந்ததே 2005-இல்தான். இங்கே எனக்குக் குறைதான். என்றாலும் ௰-ஐ விழுங்கிவிட்டு 2 என்று சொல்லவில்லையே!