'வில்' என்னும் வினையும் 'விலை'யின் பொருளும்

பண்டத்தைக் கொடுத்துப் பணம் பெறுதலைக் குறிக்க இன்று தமிழில் பெருவழக்காக உள்ள வினை 'வில்' என்பதாகும். 'விலை' என்னும் பெயரும் இவ்வடியைச் சார்ந்ததே. எனினும், இவ்வினை தொடக்கம் முதலே விற்பவன் செயலை மட்டும் உணர்த்திற்றா என்பது ஆராயத்தக்கது. சங்கப் பாடல்களைக் கொண்டு பண்டை வணிகத்தின் இயல்பை வரையறுக்க முனைவோர் இவ்வினாவைத் தவிர்க்க இயலாது.

இனமொழிகளை முதலில் நோக்குவோம். மலையாளத்தில் 'வில்க்குக' என்பது தமிழைப் போலவே விற்றலைக் குறிக்கும். தெலுங்கிலோ 'விலுசு' என்பது விலைக்கு வாங்குதலைக் குறிக்கும். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (1961, திருந்திய பதிப்பு 1984) இவற்றை ஒரே பதிவின்கீழ்த் தருகிறது. ஓரடியிற் பிறந்த வினை ஒரு மொழியில் கொடுப்போன் செயலாகவும் மற்றொன்றில் கொள்வோன் செயலாகவும் நிற்பது வியப்பிற்குரியது. ஆனால் பெயர்ச்சொல்லில் இம்முரண் இல்லை. தமிழில் விலை, மலையாளத்தில் வில, கன்னடத்தில் பெலெ, தெலுங்கில் விலுவ என்பன யாவும் ஒரு பொருளின் மதிப்பையே சுட்டுகின்றன. ஆகவே இவ்வடியின் மூலப்பொருள் 'மதிப்பிற்கு ஈடாகக் கைமாறுதல்' என்பதாகவே இருந்திருக்க வேண்டும் எனக் கருத இடமுண்டு.

தெலுங்கு வழக்கு பிற்காலத் திரிபாகலாம் என்று மறுப்பார் உளராயின், தமிழின் பேச்சுவழக்கையே அவர்க்குச் சான்றாகக் காட்டலாம். 'வெண்டைக்காய் இன்று என்ன விலை விற்கிறது?' என்கிறோம். இங்கே எழுவாய் பண்டமே. விற்பவனும் இல்லை, வாங்குபவனும் இல்லை. இத்தன்வினை வழக்கை வெறும் கொச்சை என ஒதுக்குவது தகாது.

எனினும், தமிழில் பொருள் ஒருமுகப்பட்டது மிகப் பழங்காலத்திலேயே என்பதை மறத்தலாகாது. குறள் 220இல் வரும் 'விற்றுக்கோள்' என்னும் ஆட்சி விற்றலையும் கொள்ளுதலையும் எதிரெதிராக நிறுத்துகிறது.

'விள்' (சொல்லுதல்) என்பதிலிருந்து 'வில்' பிறந்தது எனக் கொள்வது கவர்ச்சியான கருத்துதான். 'பகர்தல்' சொல்லுதலையும் விற்றலையும் ஒருங்கே குறிப்பதால் பொருள்நிலையில் தடையும் இல்லை. ஆனால் ளகரம் லகரமாவதற்கு முறையான ஒலிவிதி காட்டப்பெறாதவரை இதனை ஏற்றல் அரிது. வளைக்கும் வில்லோடு இணைத்தலோ வெறும் ஒலியொப்புமை. 'வாங்குவில்' என்பது வளைந்த வில்லைக் குறிப்பது கொண்டு விற்றல், வாங்கல் இரண்டையும் அதனுள் காணலாம். சுவையாகத்தான் இருக்கும், சொல்லாய்வாகாது.

இவ்வளவும் எதற்கு எனின், 'விலை' என்றதும் காசைக் கருதும் இக்கால மனப்பழக்கம் பழம்பாடல்களுக்குப் பொருந்தாது என்பதற்கே. அகநானூறு 140இல் உமணர் மகள் நெல்லுக்கு நிகர் உப்பு எனக் கூறித் திரிவதை அம்மூவனார் 'விலைமாறு' கூறல் என்கிறார். இங்கே விலை என்பது இரு பண்டங்களுக்கு இடையிலான ஈடு. காசு எங்கும் இல்லை. உடன்வரும் 'மாறு' என்னும் சொல்லும் கருதத்தக்கது. கன்னடத்தில் விற்றலுக்கு இன்றும் 'மாரு' என்பதே வழங்குகிறது. எனவே, சங்க நூல்களில் 'விலை' பயிலும் இடங்களை எண்ணிக் காட்டி நாணயப் பொருளியலை நிறுவுவது அடித்தளமற்றது. காசும் பொன்னும் வெளிப்படையாகப் பேசப்படும் இடங்களே அதற்குச் சான்றாகும். அவற்றையும் ஆய்ந்தே கொள்ளல் வேண்டும். பெரும்பாணாற்றுப்படையின் ஆய்மகள் மோரை 'மாறு'கிறாள். அதனால் பெற்ற உணவு 'அளைவிலை' உணவு எனப்படுகிறது. நெய்யின் விலையாகப் பொன்னைக் கொள்ள அவள் உடன்படவில்லை. எருமையையும் ஆவையுமே பெறுகிறாள். பொன்னை அவள் அறியாதவள் அல்லள், வேண்டாதவள்.