டாக்ஸி ஹாரனும் ஷெனாயும்

பீட்டில்ஸ் நால்வரில் முதன்முதலாகத் தனி ஆல்பம் போட்டவர் யார்? ஜான் லெனான் என்பீர்கள். இல்லாவிட்டால் பால் மெக்கார்ட்னி. இரண்டும் தப்பு. (பால் 1966-ல் ஒரு படத்துக்கு மெட்டுப் போட்டுக் கொடுத்தார். ஆனால் அந்த ரெக்கார்டு ஜார்ஜ் மார்ட்டின் ஆர்க்கெஸ்ட்ரா பெயரில் வந்தது, எனவே கணக்கில் சேராது.) முந்திக்கொண்டவர், நாலு பேரில் ரொம்பக் குறைவாகப் பேசிய ஜார்ஜ் ஹாரிசன். ஆல்பத்தின் பெயர் 'வொண்டர்வால் மியூசிக்'. இங்கிலாந்தில் வெளியான தேதி 1968 நவம்பர் 1. எங்கள் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தத் தேதி மறக்கவே மறக்காது. 1956-ல் அதே நாளில்தான் நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். கொஞ்சம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

பி.காம். படித்துக்கொண்டிருந்த நாட்களில், தக்கலையில் நண்பன் வீட்டு மாடியில் இதை முதல் தடவை கேட்டேன். துபாயிலிருந்து லீவில் வந்த அவன் அண்ணன் கொண்டுவந்த சி.டி. பீட்டில்ஸ்காரர் என்றால் கிட்டார் தூள் பறக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். ஸ்பீக்கரிலிருந்து கிளம்பியது ஷெனாய்! மெதுவாக, இழுத்து இழுத்து. கீழேயிருந்து நண்பனின் அப்பா குரல் கொடுத்தார்: "எந்தத் தலைவர் போயிட்டாரு மக்கா?"

அவர் மேல் தப்பில்லை. தலைவர் யாராவது காலமானால் வானொலியில் நாள் முழுக்க இதைத்தானே போட்டார்கள். நாங்கள் அடுத்த ஐந்தாவது நிமிடத்தில் சி.டி.யை மாற்றிவிட்டோம்.

மறுபடி அதை எடுக்க வைத்தது ஒரு மரணச் செய்தி. 2024 நவம்பரில் சரோட் வித்வான் ஆசிஷ் கான் காலமானார். அஞ்சலிக் குறிப்புகளில் 'வொண்டர்வால்' பெயரும் அடிபட்டது. இந்தத் தடவை பாதியில் நிறுத்தவில்லை. நாலைந்து தரம் முழுசாகக் கேட்டேன்.

கதை இதுதான். ஜோ மாஸாட் என்ற டைரக்டர், 'வொண்டர்வால்' என்று ஒரு படம் எடுத்தார். வயசான புரொபசர் ஒருவர் சுவரில் ஓட்டை வழியாகப் பக்கத்து வீட்டு அழகியைப் பார்த்துக் கிறங்குகிறார். அழகி, ஜேன் பிர்கின். படம் என்னவோ சுமார்தான். போதைக் கனவு, கண்ணைக் கூசும் கலர், வளைந்து நெளியும் இசை என்று 'சைகடெலிக்' ஜுரம் லண்டனைப் பிடித்து ஆட்டிய காலம் அது. இசையமைக்க வேண்டும் என்று ஜார்ஜிடம் போனபோது, நீ எதைக் கொடுத்தாலும் போட்டுக்கொள்கிறேன் என்றாராம் மாஸாட். எந்த இசையமைப்பாளருக்குக் கிடைக்கும் இப்படி ஒரு வரம்! ஜார்ஜ் படத்தை ஓடவிட்டு, கையில் ஸ்டாப் வாட்சை வைத்துக்கொண்டு, எந்தக் காட்சிக்கு எத்தனை விநாடி என்று குறித்துக்கொண்டார். ஒதுக்கிய பட்ஜெட் 600 பவுண்டு. ஆன செலவு 15,000, மிச்சத்தை ஜார்ஜே போட்டார் என்று எழுதியிருக்கிறார்கள். இந்த பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்தால் எங்கள் ஆடிட்டிங் புரொபசர் மயங்கி விழுந்திருப்பார்.

லண்டனில் 1967 நவம்பரில் வேலை ஆரம்பம். 1968 ஜனவரியில் ஜார்ஜ் பம்பாய் வந்து இறங்கினார். ஃபோர்ட் பகுதியில், ஆபீஸ்களுக்கு மேலே இருந்த எச்.எம்.வி. ஸ்டூடியோ. வெளிச்சத்தம் உள்ளே வராமல் தடுக்கிற வசதி சுத்தமாகச் சரியில்லை. சாயங்காலம் ஐந்தரைக்கு ஆபீஸ் விட்டால் ஜனங்கள் மாடிப்படியில் தடதடவென்று இறங்குவார்கள். அதற்குமேல் ரெக்கார்டிங் இல்லை, மூட்டை கட்ட வேண்டியதுதான். உன்னிப்பாகக் கேட்டால் இந்தியப் பகுதிகளில் டாக்ஸி போகிற சத்தம்கூடக் கேட்கும் என்று ஜார்ஜே பின்னாளில் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

ஸ்டூடியோவில் இருந்தது பழைய மோனோ மெஷின். ஸ்டீரியோவில் பதிவு செய்யும் டூ-டிராக் மெஷினைக் கல்கத்தாவிலிருந்து ரயிலில் கொண்டுவந்து கொடுத்தார் ஒருவர். பாஸ்கர் மேனன். அப்போது கிராமபோன் கம்பெனியின் நிர்வாகி. பிறந்தது 1934-ல் திருவனந்தபுரத்தில். அந்த வருஷம் தக்கலைக்கும் அதுதான் தலைநகரம்! ஆக, அவர் எங்கள் சமஸ்தானத்து ஆள். சம்பந்தம் இருக்கிறது என்றேன் அல்லவா? இதே மேனன்தான் பிறகு அமெரிக்கா போய் கேப்பிடல் ரெக்கார்ட்ஸின் தலைவராகி, பிங்க் ஃபிளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் த மூன்' ஆல்பத்தை 1973-ல் அங்கே தூக்கி நிறுத்தியவர். பங்களாதேஷ் அகதிகளுக்காக நடந்த இசை நிகழ்ச்சியின் ரெக்கார்டு தாமதமானபோது, 1971-ல் அமெரிக்க டி.வி.யில் ஜார்ஜ் இவரைப் பெயர் சொல்லியே வம்புக்கு இழுத்தார். மெஷின் சுமந்து வந்ததெல்லாம் அந்தக் கோபத்தில் மறந்துபோயிருக்கும். 2021-ல் மேனன் காலமானபோது தமிழ்ப் பத்திரிகைகளில் எத்தனை வரி வந்தது, தேடிப் பாருங்கள்.

சரி, இசை எப்படி? என் தீர்ப்பு இது. லண்டனில் பதிவான ராக் துண்டுகளில் பாதி இன்றைக்குப் பழைய சோறு. எரிக் கிளாப்டன் புனைபெயரில் வந்து கிட்டாரை அலறவிடும் 'ஸ்கீயிங்' ஒரு விதிவிலக்கு. 'ட்ரீம் சீன்' இன்னொன்று. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடும் அந்தத் துண்டில் டேப்பை வெட்டி ஒட்டி, குரல்களும் வாத்தியங்களும் ஒன்றின் மேல் ஒன்று மிதக்கின்றன. லெனான் 'ரெவல்யூஷன் 9' செய்வதற்கு முன்பே ஜார்ஜ் இதைச் செய்துவிட்டார். புகழ் என்னவோ அவருக்குப் போனது.

ஆனால் ஆல்பத்தின் உயிர் பம்பாய்க்காரர்கள் கையில் இருக்கிறது. 'க்ரையிங்' என்று ஒன்று. விநாயக் வோரா தார் ஷெனாய் வாசிக்கிறார். பெயரைக் கேட்டு ஊதுகிற வாத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். வில்லால் இழைக்கும் தந்தி வாத்தியத்தில் குழாய் பொருத்தியது. சுமார் ஒரு நிமிடம்தான். எதிர் வீட்டில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற மாதிரி இருக்கிறது. 'லவ் சீன்' பகுதியில் ஆசிஷ் கான் தான் வாசித்த சரோடுக்குத் தானே இன்னொரு சரோடில் பதில் சொல்கிறார். ஒரே ஆளின் இரண்டு கைப்பதிவு.

அப்புறம் 'கத் கிர்வாணி'. கிர்வாணி யார் தெரிகிறதா? நம்ம கீரவாணிதான் சார், 21-வது மேளகர்த்தா! தெற்கிலிருந்து வடக்கே போன ராகம். அங்கே அதை மேடைக்குப் பழக்கியவர்களில் ரவிசங்கரும் அலி அக்பர் கானும் முக்கியமானவர்கள். அலி அக்பரின் மகன்தான் ஆசிஷ் கான். இப்படி நம் ஊரிலிருந்து கிளம்பி, அப்பா வழியாகப் பிள்ளைக்கு வந்து, பம்பாயைத் தொட்டு, கடைசியில் ரெக்கார்டில் அச்சாகும்போது 'இசை: ஜார்ஜ் ஹாரிசன்' என்று ஆகிவிடுகிறது.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. 19 துண்டுகளுக்கும் இசையமைப்பாளர் ஒரே ஆள். இந்துஸ்தானியில் 'கத்' என்பது சின்ன முகப்பு மாதிரி. மீதியை வாசிப்பவர் அங்கேயே, அந்த நிமிடத்திலேயே உண்டாக்குகிறார். அப்படியென்றால் உண்டாக்கியது யார்? பற்று ஒருவர் பெயரில், வரவு இன்னொருவர் பெயரில் எழுதினால் கணக்கு எப்படி டாலி ஆகும்?

ஜார்ஜ் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லவரவில்லை. ஆட்களைத் தேர்ந்தெடுத்தார் (இதில் சிதார் கலைஞர் சம்பு தாஸ் அவருக்குப் பெரிய கை). எது எத்தனை விநாடி என்று தீர்மானித்தார். எந்த இடத்தில் வெட்டுவது என்று தெரிந்திருந்தது. தன் முதல் தனி ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கூடத் தான் பாடாமல் விலகி உட்கார்ந்தார். எத்தனை ஸ்டார்களுக்கு வரும் அந்த மனசு? உறையில் இந்தியக் கலைஞர்களின் பெயரையும் போட்டார். சிவகுமார் சர்மா 'ஷெர்மார்' ஆகிவிட்டார், அது வேறு விஷயம். அதே 1968-ல் நம் சினிமா ரெக்கார்டுகளில் வயலின்காரர் பெயரையோ தபேலாக்காரர் பெயரையோ தேடினால் கிடைக்குமா? இசையமைப்பாளர், பாடகர், முடிந்தது. கோடம்பாக்கத்தில் எத்தனை விரல்கள் பெயரில்லாமலே தேய்ந்தன.

அதே பம்பாய் நாட்களில், ஜனவரி 12 அன்று, 'தி இன்னர் லைட்' பாட்டுக்கான வாத்திய இசையும் பதிவானது. புல்லாங்குழல், ஹரிபிரசாத் சௌராசியா. ஜார்ஜ் லண்டன் போய்ப் பாடிச் சேர்த்தார். மார்ச்சில் 'லேடி மடோனா'வின் மறுபக்கமாக வந்தது. பீட்டில்ஸ் சிங்கிள் ஒன்றில் ஜார்ஜின் பாட்டு இடம்பெற்றது அதுவே முதல் தடவை. லேபிளில் 'தி பீட்டில்ஸ்' என்று மட்டும்தான் இருந்தது. வாசித்தவர்கள் எல்லாரும் அந்த நாலு எழுத்துக்குள் அடக்கம்.

'வொண்டர்வால்' அமெரிக்காவில் 49-வது இடம் வரை போனது. இங்கிலாந்தில் பட்டியலிலேயே ஏறவில்லை.

போன வாரம் தக்கலை போயிருந்தபோது அதே நண்பன் வீட்டு மாடியில் மறுபடி போட்டோம், இந்தத் தடவை போனில். டாக்ஸி எந்த இடத்தில் போகிறது என்று கண்டுபிடித்தே தீர்வது என்று ஆளுக்கொரு இயர்போனை மாட்டிக்கொண்டோம். 'இன் த பார்க்'கில் ஒரு ஹாரன். "கேட்டியா மக்கா?" என்றேன். அவன் எட்டிப் பார்த்துவிட்டு, "திருவனந்தபுரம் பஸ்ஸுலே" என்றான்.