டிரான்ஸ்மிட்டர் அறையில் சான்றிதழுக்கு என்ன எடை?

நான் வேலை பார்த்த பண்பலை நிலையத்தில் ஒருமுறை டிரான்ஸ்மிட்டர் முரண்டு பிடித்தது. முழுச் சக்திக்கு ஏற்றினால் அரை மணி நேரம் ஒழுங்காக ஓடும். பிறகு ரிஃப்ளெக்டட் பவர், அதாவது ஆன்டெனாவுக்குப் போகாமல் திரும்பி வரும் சக்தியைக் காட்டும் முள் மெல்ல ஏறும். ஒரு கட்டத்தில் டிரான்ஸ்மிட்டர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே சக்தியைக் குறைத்துவிடும். அணைத்து ஆறவிட்டு மறுபடி போட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். ஆன்டெனாவில்தான் கோளாறு என்று நான் முடிவு கட்டி, கோபுரம் ஏறுகிற ஆளுக்குச் சொல்லி அனுப்பவும் தயாராகிவிட்டேன். அப்போது மூத்த டெக்னீஷியன் ஒருவர் வந்தார். “தம்பி, முள்ளு ஏறினதும் ஆஃப் பண்ணுங்க” என்றார். அணைத்து, மறுபடி யாரும் போட முடியாதபடி பூட்டிய பிறகு, ஆன்டெனாவுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் ஃபீடரின் செப்புக் குழாய்மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே போனார். ஒரு முழங்கை இணைப்பில் கை நின்றது. அங்கே மட்டும் சூடு. பிரித்தபோது உள்கடத்தியை இணைக்கும் உலோக விரல்கள் கரியாகிக் கிடந்தன.

அவரிடம் பட்டம் இல்லை, சான்றிதழும் இல்லை. இந்தத் தொழிலில் சான்றிதழ் என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைதான் நினைவுக்கு வருகிறது. அந்தக் கைக்குத் தெரிந்ததை ஒரு தேர்வுத்தாள் கண்டுபிடிக்குமா? கண்டுபிடிக்காது என்றால் தேர்வு எதற்கு? இதை எடைபோட அமெரிக்காவைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அரசு கொடுத்த உரிமம், அது செல்லாக்காசானது, அதன் இடத்தில் தொழிலாளர்களே கட்டிய சான்றிதழ் முறை என்று மூன்று கட்டத்தையும் அங்கே பார்க்கலாம்.

ஒரு காலத்தில் அங்கே எஃப்.சி.சி. என்ற கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் ‘முதல் வகுப்பு ரேடியோ டெலிபோன் உரிமம்’ கொடுத்துவந்தது. தொழிலில் இருந்தவர்கள் அதை ‘ஃபர்ஸ்ட் ஃபோன்’ என்பார்கள். பல கோபுரங்களை வைத்து அலையைத் திசைப்படுத்தி அனுப்பும் ஏ.எம். நிலையங்களில் இந்த உரிமம் உள்ளவர் பணியில் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் சின்ன ஊர் நிலைய முதலாளிக்கு அறிவிப்பாளருக்கு ஒரு சம்பளம், பொறியாளருக்கு ஒரு சம்பளம் என்று கொடுக்கக் கட்டுப்படியாகவில்லை. அறிவிப்பாளரையே உரிமம் வாங்கி வரச் சொன்னார்கள். அதற்கென்றே சில வாரங்களில் விடைகளை உருப்போட வைத்து அனுப்பும் பள்ளிகள் முளைத்தன. இசைத்தட்டு சுழற்றியவர்கள் கையிலும் முதல் வகுப்பு உரிமம் இருந்தது. டிரான்ஸ்மிட்டரின் கதவைத் திறக்கத்தான் பலருக்குத் தைரியம் இல்லை. 1980களின் தொடக்கத்தில் ஆணையம் அந்த உரிமத்தையே கைவிட்டது. பழைய உரிமங்கள் ஒரு பொது உரிமமாக மாறின. அதன்பின் டிரான்ஸ்மிட்டரை யார் பழுதுபார்க்கலாம் என்பது முதலாளியின் விருப்பமாயிற்று.

அந்த வெற்றிடம் வரும் முன்பே ஒரு மாற்று தயாராகிக்கொண்டிருந்தது. ‘பிராட்காஸ்ட் எஞ்சினியரிங்’ இதழின் ஆசிரியர் ஜான் பாட்டிசன் முன்முயற்சியில் 1964-ல் ஒலிபரப்புப் பொறியாளர் சங்கம், அதாவது எஸ்.பி.இ., உருவானது. ரேடியோ பொறியாளர் கழகமும் மின்பொறியாளர் கழகமும் 1963-ல் இணைந்து ஐ.இ.இ.இ. என்ற பேரமைப்பு ஆனபோது, நிலையங்களில் வேலை பார்த்தவர்கள் தங்களைக் கவனிக்க ஆளில்லை என்று உணர்ந்தார்கள். எஸ்.பி.இ. 1975-ல் சான்றிதழ் திட்டத்தைத் தொடங்கியது. சட்டப்படி யாருக்கும் கட்டாயம் இல்லை. இந்தச் சான்றிதழின் பெருமையும் பலவீனமும் அங்கேதான் ஆரம்பிக்கின்றன. கட்டாயம் இல்லாததால், ஃபர்ஸ்ட் ஃபோனைப் போல உருப்போட்டு வாங்கி வரச் சொல்ல யாருக்கும் அவசியம் இல்லை, விரும்புகிறவர்தான் வருகிறார். ஆனால் வராதவரை யாரும் கேட்கப்போவதும் இல்லை.

இனித் தேர்வு. சான்றிதழ் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இவருக்குத் தெரியுமா? இன்றைக்கும் தெரியுமா? முதல் கேள்விக்குச் சங்கம் தரும் பதில் பெரும்பாலும் கொள்குறி வினாத்தாள். எளிய மாதிரி ஒன்றை நானே போடுகிறேன். டிரான்ஸ்மிட்டர் 10 கிலோவாட், கேபிளில் இழப்பு 1 டெசிபெல், ஆன்டெனாவின் ஆதாயம் 3 டெசிபெல் என்றால் பரவும் சக்தி எவ்வளவு? நிகர ஆதாயம் 2 டெசிபெல். ஆகவே சுமார் 15.8 கிலோவாட். இதைப் போடத் தெரியாதவரை டிரான்ஸ்மிட்டர் அறைக்குள் தனியாக விடக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் ஒரு குமிழைத் தவறாகத் திருப்பினால் நிலையம் உரிமத்துக்கு மேல் அலை பரப்பும், பக்கத்து ஊர் நிலையத்தின்மேல் விழும். கணக்குத் தெரிந்தவர் எல்லாரும் கருகிய இணைப்பைக் கண்டுபிடித்துவிடுவாரா என்பது வேறு விஷயம். அது நடக்காது. அடிமட்டத் தகுதியைக் காட்ட வினாத்தாள் போதும். கைத்திறனுக்கு அது சாட்சி சொல்லாது.

சங்கம் இதை உணராமல் இல்லை. நடுநிலைப் பொறியாளர் சான்றிதழுக்கு ஐந்தாண்டு அனுபவமும் மூத்த நிலைக்குப் பத்தாண்டு அனுபவமும் கேட்கிறார்கள். மூத்த நிலைத் தேர்வில் கொள்குறிக்கு மேல் ஒரு கட்டுரை வினாவும் உண்டு. இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கட்டுரைதான். கோளாறை எப்படித் தேடுவாய், எதை முதலில் விலக்குவாய், ஏன் என்று ஒருவரை எழுதச் சொன்னால் அவர் மண்டைக்குள் இருக்கும் வரிசை வெளியே வந்துவிடும். நான்கு விடையில் ஒன்றைத் தட்டுகிறபோது அது வராது. எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது 20 ஆண்டுப் பணிக்குப் பிறகு கிடைக்கும் தொழில்முறைப் பொறியாளர் பட்டம். அதற்குத் தனித் தேர்வு கிடையாது. பணி வரலாற்றை எடைபோட்டுக் கொடுக்கிறார்கள். அது உழைப்புக்கான மரியாதை. அப்படித்தான் அதைப் படிக்க வேண்டும், புதிய அறிவுக்கான அத்தாட்சியாக அல்ல. இவை தவிர, ஏ.எம். திசை ஆன்டெனா, டிஜிட்டல் ரேடியோ, புதிய தொலைக்காட்சித் தரமான ஏ.டி.எஸ்.சி. 3.0 என்று சிறப்புத் துறைகளுக்குத் தனிச் சான்றுகளும் இருக்கின்றன. திசை ஆன்டெனா தெரிந்த தலைமுறை ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கும் வேளையில், அந்தத் துறைக்கென்று ஒரு தேர்வை வைத்திருப்பதே பெரிய சேவை.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். இன்றைக்கும் தெரியுமா? இங்கேதான் விஷயம் கனமாகிறது.

2013 பிப்ரவரி 11 அன்று மொன்டானா மாநிலத்தில் கிரேட் ஃபால்ஸ் நகரத்துத் தொலைக்காட்சி நிலையம் ஒன்றில் நிகழ்ச்சி நடுவே அவசர எச்சரிக்கை ஒலித்தது. இறந்தவர்கள் கல்லறையிலிருந்து எழுந்து உயிரோடிருப்பவர்களைத் தாக்குகிறார்கள் என்றது குரல். மிச்சிகனிலும் இதே செய்தி ஓடியது. உள்ளே புகுந்தவர்கள் பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. அவசர எச்சரிக்கைப் பெட்டி நேராக இணையத்தில் மாட்டியிருந்தது. அதன் கடவுச்சொல் தொழிற்சாலையில் வைத்ததாகவே இருந்தது, கையேட்டிலேயே அச்சாகியிருந்தது. உடனே கடவுச்சொல்லை மாற்றுங்கள், பெட்டியை ஃபயர்வாலுக்குப் பின்னால் வையுங்கள் என்று ஆணையம் நிலையங்களுக்கு அறிவுறுத்த வேண்டியிருந்தது.

புயலும் வெள்ளமும் வரும்போது மக்களைக் காப்பாற்ற வேண்டிய பெட்டி அது. மேக்ஸ்வெல் சமன்பாட்டையும் ஸ்மித் சார்ட்டையும் கரைத்துக் குடித்தவரும் இந்த இடத்தில் தவறியிருப்பார். அவர் படித்த காலத்தில் டிரான்ஸ்மிட்டர் அறைக்கு இணையம் வரவில்லை. அதற்குப் பிறகு மாற்றம் இன்னும் வேகமானது. 2017-ல் வந்த எஸ்.டி. 2110 தரம், படத்தையும் ஒலியையும் தனித்தனிப் பாக்கெட் ஓட்டங்களாக நெட்வொர்க்கில் அனுப்புகிறது. முன்பு கேபிளைப் பிடுங்கி மானிட்டரில் செருகினால் படம் வருகிறதா இல்லையா என்று கண்ணால் தெரியும். இப்போது ஸ்விட்சின் அமைப்பையும் கடிகார ஒத்திசைவையும் படிக்கத் தெரிந்தால்தான் படம் எங்கே தொலைந்தது என்று தெரியும். அதே ஆண்டு நவம்பரில் எஃப்.சி.சி. அனுமதித்த ஏ.டி.எஸ்.சி. 3.0 தொலைக்காட்சியும் அடிமுதல் இணைய நெறிமுறைமேல் கட்டியது. சங்கம் நெட்வொர்க்கிங்குக்கென்று தனிச் சான்றிதழ்களை ஏற்படுத்தியது சரியான முடிவு. இணையவழிப் பாடங்களும், பாடநூல் ஆசிரியர் ஹரால்ட் எனஸ் பெயரிலான அறக்கட்டளையின் பயிலரங்குகளும் அதற்குத் துணை நிற்கின்றன.

ஆனால் அந்தப் படிப்பு எல்லாரிடமும் போய்ச் சேர்கிறதா? சான்றிதழை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மறுபடி தேர்வு எழுதலாம், அல்லது புள்ளி சேர்க்கலாம். பணி, பயிலரங்கு, கட்டுரை, பிறருக்குக் கற்பித்தல், உள்ளூர்க் கிளைக் கூட்டத்துக்குப் போவது எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. கிளைக் கூட்டத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். காபியோடு நின்று பேசும் பத்து நிமிஷத்தில் ஒருவர் சொல்லும் கோளாறுக் கதை, ஒரு நாள் வகுப்பைவிட உதவும். கற்பிப்பதற்குப் புள்ளி கொடுப்பது அதைவிட நல்லது. ஆனாலும் வந்து உட்கார்ந்தார் என்பதற்கும் கற்றுக்கொண்டார் என்பதற்கும் இந்தக் கணக்கில் வித்தியாசம் தெரிவதில்லை. எத்தனை புள்ளி என்று பார்க்கிறார்கள்; அவர் எதை விட்டுவிட்டார் என்று பார்ப்பது அரிது. தனக்குப் பிடித்த பழைய பாடத்திலேயே நின்றுகொண்டு ஒருவர் ஐந்தாண்டைக் கடந்துவிட முடியும். கிரேட் ஃபால்ஸ் போன்ற சம்பவம் அந்த இடைவெளியில்தான் நடக்கும்.

இதில் பொறியாளரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1996-ல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம், நாடு முழுக்க ஒரு நிறுவனம் எத்தனை வானொலி நிலையங்கள் வைத்திருக்கலாம் என்ற வரம்பை நீக்கியது. நிலையங்கள் ஒரே கைக்குள் குவிந்தன. முன்பு ஒரு நிலையத்தைப் பார்த்துக்கொண்டவர் இப்போது ஐந்தையும் ஆறையும் பார்த்துக்கொண்டு, காரில் டிரான்ஸ்மிட்டருக்கு டிரான்ஸ்மிட்டர் ஓடுகிறார். இரவு பதினொன்றுக்கு வீடு திரும்பியவரை உட்கார்ந்து கடிகார ஒத்திசைவு படி என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? படிக்கும் நேரத்தைச் சம்பளத்தில் சேர்க்காத முதலாளி, சான்றிதழைச் சுவரில் மாட்டிக்கொள்ளத் தகுதியில்லாதவர்.

என் தீர்ப்பு இது. உருப்போட்டு வாங்க முடிந்த அரசு உரிமத்தைவிட, அனுபவத்தைக் கேட்டு, காலாவதியாகும் தேதியும் போட்ட இந்தச் சான்றிதழ் மேலானது. இளம் பொறியாளர் ஒருவர் கேட்டால் தயங்காமல் எழுதச் சொல்வேன். மூத்த நிலை வரை போகச் சொல்வேன். புதுப்பிக்கும் முறை மட்டும் இப்படியே இருக்கக்கூடாது. ஐந்தாண்டுப் புள்ளிகளில் ஒரு பங்கு நெட்வொர்க் பாதுகாப்பிலிருந்து வந்தே ஆக வேண்டும் என்று சங்கம் விதிக்க வேண்டும். இன்னொரு பங்கு, ஒரு மூத்த பொறியாளர் பக்கத்தில் நின்று பார்க்க, உண்மையான கருவியில் ஒரு கோளாறைத் தேடிக் கண்டுபிடித்ததற்காகக் கிடைக்க வேண்டும். பார்வையாளராக நிற்க, கையை ஃபீடர்மேல் வைத்துச் சூட்டைத் தேடத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் ஓய்வு பெறுவதற்குள் இதைச் செய்ய வேண்டும்.