ஜெனிவாவில் தோற்றது, பெகோவில் வென்றது

2010 மார்ச்சில் ஜெனிவா கார் கண்காட்சியில் புரோட்டோன் மூன்று சின்னக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தியது. பெயர் எமாஸ். வடிவமைத்தது இத்தாலியின் இட்டால்டிசைன் ஜுஜாரோ. ஒன்றுக்கு மூன்று கதவு, ஒன்றுக்கு ஐந்து. மூன்றாவதான எமாஸ்3, மூவர் தாராளமாகவும் நான்காமவர் ஒடுங்கியும் உட்காரும் நகரக் கார். ஒன்றுகூட விற்பனைக்கு வரவில்லை. 2014இல் புரோட்டோன் இறக்கிய சின்னக் காரான இரிஸ், வழக்கமான பெட்ரோல் கார்தான்.

விற்பனைக் கணக்கில் எமாஸுக்குப் பூஜ்யம். ஆனால் அதன் அடியில் இருந்த யோசனை தோற்கவில்லை. சக்கரத்தைச் சுற்றியது மின்மோட்டார். அப்போது புரோட்டோன் வசமிருந்த லோட்டஸ் உருவாக்கிய 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கு மின்சாரம் தயாரிக்கும் வேலை மட்டுமே. பேட்டரியை வீட்டு மின்சாரத்திலும் ஏற்றிக்கொள்ளலாம்.

பத்து ஆண்டு கழித்து, ஏறக்குறைய அதே யோசனை நம் மலாக்கா மாநிலத்திலிருந்தே சாலைக்கு வந்தது. அலோர்காஜாவை அடுத்த பெகோவில் ஹோண்டா ஆலை 2003 முதல் இயங்குகிறது. 2012இல் அங்கே தயாரான ஜாஸ் ஹைபிரிடில் எஞ்சின்தான் முதலாளி, மோட்டார் எடுபிடி. 2020 அக்டோபரில் அறிமுகமான சிட்டி ஆர்எஸ் ஹைபிரிட் அந்த வரிசையைத் தலைகீழாக்கியது. பெரும்பாலான நேரம் மோட்டாரே காரை இழுக்கிறது. எஞ்சின் மின்சாரம் தருகிறது. சீரான நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் எஞ்சின் நேராகச் சக்கரத்தோடு இணைகிறது. 2021 டிசம்பரில் இதே அமைப்பு ஹேட்ச்பேக்கிலும் வந்தது. நம் சாலைகளில் அது எப்படி என்று பார்ப்போம்.

மேட்டில்: சாதாரண 1.5 பெட்ரோல் சிட்டியின் திருகுவிசை 145 நியூட்டன் மீட்டர். அதுவும் எஞ்சின் 4,300 சுற்றைத் தொட்டால்தான் முழுதாகக் கிடைக்கும். ஹைபிரிட் மோட்டார் தருவது 253, அதுவும் நின்ற இடத்திலிருந்தே. ஆசகான் பக்கத்துத் தோட்டத்துச் செம்மண் மேட்டில், ஐந்து பேரோடு ஏறும்போது வித்தியாசம் காலிலேயே தெரியும். இறக்கத்தில் மோட்டார் மின்சாரத்தைத் திரும்பச் சேமிக்கிறது. பேட்டரி சிறியது என்பதால் சீக்கிரம் நிரம்பிவிடும்.

நெரிசலில்: மாசி மகத்தன்று செங் சன்னாசிமலைக்கு ஊர்ந்து போகும் வரிசையிலும் பண்டார் ஹிலிரின் குறுகிய தெருக்களிலும் எஞ்சின் அடிக்கடி ஓய்ந்துவிடும். எண்ணெய்ச் செலவில் இந்தக் கார் சம்பாதிப்பது இங்கேதான்.

நெடுஞ்சாலையில்: இங்கே கொஞ்சம் சறுக்கல். மோட்டாரின் உச்சத் திறன் 109 குதிரைத்திறன். பெட்ரோல் சிட்டிக்கு 121. ஆயர் குரோவிலிருந்து சிம்பாங் அம்பாட் வரை, 100ஐத் தாண்டிய வேகத்தில் லாரியை முந்த மிதித்தால் எஞ்சின் சத்தம் போடுமே தவிர, கார் பாய்ந்து போகாது. புறப்படும்போது காட்டும் துடிப்பை இங்கே எதிர்பார்க்கக் கூடாது.

இடவசதியில்: ஹேட்ச்பேக்கின் நீளம் 4.35 மீட்டர் அளவுதான். ஆனால் ஜாஸ் விட்டுச்சென்ற நல்ல பழக்கத்தை இது காப்பாற்றுகிறது. பின்னிருக்கையின் அடிப்பாகத்தை மடித்து மேலே தூக்கினால், திருவிழாவுக்கு வாங்கிய வாழைக்கன்றைச் சாய்க்காமல் நிறுத்தலாம். முழுதாகச் சாய்த்தால் நீளச் சாமான்களுக்கும் வழி உண்டு.

எமாஸுக்கும் சிட்டிக்கும் உள்ள பெரிய வேறுபாடு வயர். சிட்டியை வெளியே சார்ஜ் செய்ய முடியாது. அதைக் குறை என்பவர்கள் தோட்டத்து வீட்டையும் நினைத்துப் பார்க்க வேண்டும். லயத்து வீடு கம்பெனியுடையது; அங்கே சார்ஜர் பொருத்த நிர்வாகம் தலையாட்ட வேண்டும். பெட்ரோல் நிலையம் மட்டும் இருந்தால் போதும் என்ற கார், அந்தக் குடும்பத்துக்கு இன்று பொருந்துகிற கார்.

2025 அக்டோபரில் புரோட்டோன், பழைய பெயரை நினைவூட்டும் இ.மாஸ் 5ஐ முழு மின்சார ஹேட்ச்பேக்காக இறக்கியது. ஆயர் குரோவில் சொந்த வீடும் கார் நிறுத்த இடமும் உள்ளவர் அதைத் தாராளமாகப் பரிசீலிக்கலாம். ஜாசின், செலாண்டார் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு என் தேர்வு இன்னும் பெகோ ஹைபிரிட்தான்.