பெயரும் ஊரும் சொன்னவள்

2018-ஆம் வருஷம் ஜனவரி 7-ஆம் தேதி, ராஜபாளையத்தில் நடந்த ஒரு விழாவில் கவிஞர் வைரமுத்து ஆண்டாளைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். மறுநாள் அது ‘தமிழை ஆண்டாள்’ என்ற தலைப்பில் ‘தினமணி’யில் வெளியாயிற்று. கட்டுரை பெரும்பாலும் புகழ்ச்சிதான். ஆனால் அதில் ஒரு மேற்கோள் இருந்தது. ஆண்டாள் ஸ்ரீரங்கம் கோயிலில் வாழ்ந்து மறைந்த ஒரு தேவதாசி என்று சொல்லும் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையிலிருந்து எடுத்த மேற்கோள். அதற்குப் பிறகு நடந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். ராஜபாளையத்தில் போலீஸ் வழக்கு, ஏழெட்டு மைல் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜீயரின் உண்ணாவிரதம், சென்னை ஹைக்கோர்ட்டில் தடை உத்தரவு, கவிஞரின் வருத்தம், பத்திரிகையின் வருத்தம்.

இதில் யார் ஜெயித்தார்கள் என்பது பற்றி எனக்கு அக்கறையில்லை. அந்தச் சில வாரங்களில் நம் பத்திரிகைகளும் டெலிவிஷனும் ஒரு பெண்ணை நமக்கு எப்படிக் காட்டின என்பதுதான் விஷயம். நாவல் எழுதுகிறவனுக்கு இது தொழில் சம்பந்தப்பட்ட கேள்வியுங்கூட.

முதலில் அந்த மேற்கோளையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவிலுள்ள இண்டியானா பல்கலைக்கழகம் வெளியிட்ட நூல் என்ற முத்திரையோடு அது வந்தது. உண்மையில் அந்தத் தொகுப்பு 1978-இல் சிம்லாவிலுள்ள இந்திய உயர் ஆய்வு நிறுவனத்திலிருந்து வந்தது. கட்டுரையை எழுதியவர்கள் எம். ஜி. எஸ். நாராயணன், கேசவன் வெளுத்தாட் என்ற இரண்டு கேரளத்துச் சரித்திர ஆசிரியர்கள். இது பின்னால் பேப்பரிலேயே வந்துவிட்டது. வந்தும் பிரயோஜனமில்லை, அதற்குள் ‘அமெரிக்கா’ என்ற சொல் தன் வேலையைச் செய்துவிட்டது. கடல் தாண்டி வந்த வாக்கியத்துக்கு நம்மிடையே ஒரு தனிக் கனம் உண்டு. மெச்சுகிறவர்களுக்கும் அது உதவும், ஆத்திரப்படுகிறவர்களுக்கும் உதவும். பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பாலிருந்து வந்தது என்றால் இரு தரப்புக்குமே சுவாரசியம் குறைந்திருக்கும்.

இன்னொரு வேடிக்கை. விவாதங்களில் ஒருவர் ஆண்டாளைத் தமிழச்சி என்றார். இன்னொருவர் இந்துப் பெண் தெய்வம் என்றார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும் என்பது போல நெறியாளர் பார்த்துக்கொண்டிருந்தார். சண்டை பிறந்த ராஜபாளையம் எப்படிப்பட்ட ஊர்? விஜயநகரத்து நாட்களைத் தங்கள் பூர்வீகமாகச் சொல்லும் ராஜுக்கள் வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழும் பேசி வாழ்கிற ஊர் அது. அந்தத் தெலுங்கின் பெருங்காவியங்களில் ஒன்றான ‘ஆமுக்தமால்யதா’வை எழுதியவர் கிருஷ்ணதேவராயர். சூடிக் கொடுத்தவள் என்பதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம். வில்லிபுத்தூர்ப் பெண்ணின் கதையைத்தான் அந்த ராஜா தன் மொழியில் சொன்னார். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் சூடிய மாலை இன்றும் புரட்டாசியில் திருப்பதிக்குப் போகிறது. இவ்வளவும் கண்ணுக்கெதிரே இருக்க, அவளை ஓர் இனத்தின் எல்லைக்குள் வைத்துக் கோடு போட வேண்டிய அவசியம் என்ன?

ஆனால் என்னை அதிகம் உறுத்தியது வேறு. எதிர்த்தவர்கள், ஆதரித்தவர்கள் எல்லாருமே ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தார்கள்: ‘தேவதாசி’ என்பது வசைச் சொல். ஒரு சாரார் அதைச் சொன்னதே பாதகம் என்றார்கள். மறு சாரார், அந்தக் காலத்தில் அது கௌரவமான சொல், இப்போதுதான் கெட்டுவிட்டது என்றார்கள். அந்த மரபில் வந்த குடும்பங்களில் இன்று யாராவது இதைப் பார்த்துக்கொண்டிருப்பார்களே, அவர்கள் மனசு என்ன பாடுபடும் என்று எவரும் கேட்கவில்லை. ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 400 தளிச்சேரிப் பெண்டுகளை அழைத்து வந்து, ஆளுக்கொரு வீடும் நெல்லும் கொடுத்ததைக் கல்லில் வெட்டி வைத்தான். அந்த வழக்கம் சீரழிந்து சுரண்டலாக முடிந்தபோது, அதை ஒழிக்க முன்னின்ற முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் அந்தச் சூழலிலிருந்தே வந்தவர்கள். 1947-இல் சட்டமும் வந்தது. இத்தனை சரித்திரமும் டெலிவிஷன் திரையில் ஒரு ஏச்சாகச் சுருங்கிப் போயிற்று. கவிஞரைத் தாக்க வந்த ஓர் அரசியல்வாதியோ அவருடைய பிறப்பைப் பற்றியே மேடையில் பேசினார். ஓர் ஆணைத் திட்டுவதற்குக்கூட அவன் தாயின் வழியாகத்தான் போகவேண்டியிருக்கிறது!

மார்கழி விடியலில் எத்தனையோ வீடுகளில் திருப்பாவை ஒலித்தது எம். எல். வசந்தகுமாரியின் குரலில்தான். இசை வேளாளர் மரபில் வந்த லலிதாங்கியின் மகள் அவர். அந்த இசைத்தட்டைக் கேட்டு வளர்ந்த வீடுகளிலிருந்தும் அந்த ஜனவரியில் கோபக் குரல் எழுந்திருக்கும். யாருக்கும் அதில் முரண் தெரியவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

அந்த மேற்கோளைச் சரித்திரமாக நான் ஏற்கவில்லை. அதற்கு அவள் பாட்டில் ஆதாரம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி, அவள் யார் வயிற்றில் பிறந்தாள், எந்தக் குலம் என்பதைத் தவிர நமக்குக் கேட்க ஒன்றுமே இல்லையா என்பதுதான். துளசிச் செடியடியில் கண்டெடுத்த குழந்தை என்று ஐதீகமே சொல்லிவிட்டது. பிறப்பு விசாரணைக்குப் பதில் கிடையாது என்று அதற்கு அர்த்தம். அவளோ இன்னும் துணிச்சலான காரியம் செய்தாள். திருப்பாவையில் தன்னை ஆயர் சிறுமியாகவே ஆக்கிக்கொண்டாள். வில்லிபுத்தூர் ஆயர்பாடியாயிற்று, கோயில் நந்தகோபன் வீடாயிற்று. நடை, பேச்சு, உடம்பில் வீசும் வெண்ணெய் வாடைகூட இடைச்சியுடையதாகிவிட்டது என்று பழைய உரைகாரர்கள் வியக்கிறார்கள். பட்டர் வீட்டுப் பெண் தனக்கு வேறொரு குலத்தைக் கற்பனையால் வரித்துக்கொண்டாள். நாவலாசிரியன் பாத்திரத்துக்குள் நுழைய எவ்வளவு சிரமப்படுகிறான் என்பது எனக்குத் தெரியும். முப்பது பாட்டில் அவள் அதைச் சாதித்திருக்கிறாள். இதைப் பற்றி ஒரு வாய் பேசியிருக்கலாம்.

நாச்சியார் திருமொழியின் பெரும்பாலான பதிகங்களைக் கடைசிப் பாட்டில் அவள் கையெழுத்துப் போட்டே முடிக்கிறாள்: ஊர் வில்லிபுத்தூர், தகப்பன் விஷ்ணுசித்தன், பெயர் கோதை. தகப்பனைச் சொல்லித்தான் தன்னைச் சொல்கிறாள், வாஸ்தவம். ஆனாலும் சொல்கிறவள் அவள்தான். அந்தப் பாட்டுகளில் சில, உடம்பின் ஏக்கத்தை ஒளிக்காமல் பேசுவதால், கல்யாண வீட்டில் வாரணமாயிரத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். நான் பார்த்த விவாதங்களில் ஒருவராவது மற்றப் பதிகங்களை எடுத்து வாசிக்கவில்லை. மொத்தம் 143 பாசுரங்கள். நிதானமாக வாசித்தாலும் ஒரு மாலைப் பொழுதுக்குள் முடிந்துவிடும்.